டோலோன் கணவாயில் ஒரு வேன்

முதலில் உருளைக்கிழங்குக்குத்தான் தெரிந்தது.
ஏற்றம் முடிந்த சமதளத்தில்
தாலாய்பெக் பிரேக்கை மிதித்தான்.
வேன் நின்றது.
பின்சீட்டுச் சாக்கிலிருந்து நழுவிய ஒற்றைக் கிழங்கு
நிற்கவில்லை.
எங்கள் பூட்ஸ்களுக்கிடையே வழி கேட்டுக் கேட்டு
முன்னால் போய்
கியர் கம்பியில் முட்டி அமர்ந்தது.
யாரும் அதைத் தள்ளவில்லை.
போய்க்கொண்டிருந்தது, போனது.

எதிரே குதிரைகள் சாலையைக் கடந்தன,
அவசரமில்லாமல்,
வால்மயிரில் பனி மணிமணியாய்த் தொங்க.
கடைசிக் குட்டியும் போனபின்
ஆக்சிலேட்டரை அழுத்தினான்.
சக்கரம் சுழன்றது.
ஜன்னலில் இருந்த மலை
இருந்த இடத்திலேயே இருந்தது.

ஏழு பேர் இறங்கினோம்.
கண்ணாடி வியாபாரி வெனியமின், மீசையில் ஐஸ்.
ஒரே ஜோடிக் கையுறையை
ஆளுக்கொன்றாய் மாட்டியிருந்த இரட்டையர்.
நாரின் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் நான்,
பிஷ்கெக்கில் தங்கையோடு சண்டை போட்டுவிட்டு
இரவு ஷிப்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன்.
மற்றவர்கள் பெயர் கேட்கவில்லை.

பிர், எகி, ஊச் என்று எண்ணித் தள்ளினோம்.
நகர்ந்தது நாங்கள்தான்.
பின்னால்.

வழுக்கும் தரையில் நின்று
எதையாவது தள்ளிப் பாருங்கள்.
கொடுத்தது கொடுத்தபடி திரும்பி வரும்,
சல்லிக்காசு குறையாமல், அந்த நொடியே.
என்னிடம் கடன் வாங்கிய ஒருவரும்
இவ்வளவு நாணயமாய் இருந்ததில்லை.

புருல்கான் எஜேயும் இறங்க எழுந்தாள்.
"நீங்கள் வேண்டாம்" என்றான் தாலாய்பெக்.
"கடைசி சீட்டுக்குப் போங்கள்.
சக்கரத்துக்கு நேர் மேலே."
அவள் முகம் சிவந்தது.
கல்யாண வீடுகளில்
நாற்காலியின் கால்களைப் பார்த்துவிட்டு உட்காரும் உடம்பு.
டாக்டர்கள் தாளில் எழுதி எழுதிக் கொடுத்த குற்றம்.
"கனம் வேண்டும், எஜே.
சக்கரம் தரையைக் கவ்வ வேண்டாமா?"
அவள் கொஞ்சம் யோசித்தாள்.
பிறகு உருளைக்கிழங்குச் சாக்கையும்
மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தாள்,
யானைமேல் ஏறிய தளபதிபோல.

சாலையோரத் தேநீர்க் கன்டெய்னரிலிருந்து
கேட்காமலே ஒருவன் வந்தான்,
அடுப்புச் சாம்பல் வாளியோடு.
வாரத்துக்கு நாலு வண்டி என்றான்.
சக்கரத்தின் அடியில் கொஞ்சம் கொட்டினான்.
மீதியை
எங்கள் கால்களுக்கு அடியில்.

அப்போதுதான் உறைத்தது.
உரசலைப் பகை என்றே வைத்திருந்தேன் இத்தனை நாளும்.
தேய்ந்த செருப்பு, தேய்ந்த முட்டி,
தங்கை வாயில் என் பேர்.
அது அறவே இல்லாத தரையில்
சண்டையிலிருந்து எழுந்து போகக்கூட முடியாது;
கால் அங்கேயே ஓடும்.

மறுபடி பிர், எகி, ஊச்.
ஒன்றும் இல்லை.
ஒன்றும் இல்லை.
பல்லைக் கடித்தோம்.
எங்கோ ஓர் இழை அறுந்ததுபோல வேன் பெருமூச்சு விட்டது.
அசையும்வரை மலை,
அசைந்தபின் மாடு.
கையைத் தாண்டி அது போய்விட்டது.
முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்திருந்த வெனியமின்
போய்க்கொண்டிருந்தான், போனான்,
முகம் குப்புறப் பனிக்குள்.
இரட்டையர் சிரித்ததில்
ஒரு கையுறை காணாமல் போனது.

தாலாய்பெக் நிறுத்தவில்லை.
நிறுத்தினால் திரும்ப முதலிலிருந்து.
ஓடினோம், சாம்பல் தீர்ந்த இடத்தில்
வாத்து நடை போட்டு.
பின்கண்ணாடியில் புருல்கான் எஜே
சின்னதாகிக்கொண்டே போனாள்,
வாழ்க்கையில் முதல்முறையாக.
கையசைத்தாள்.

இரவு, சலவை அறையில் பெரிய டிரம் சுழன்றது.
தண்ணீருக்கு நேராகப் போக வேண்டும், எப்போதும்.
துளை கிடைத்ததும் போய்விட்டது.
துணிக்கு அந்த வழி இல்லை;
சுவரை அழுத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது.
நின்றபின் எடுத்து உதறினேன்.
வெள்ளை விரிப்பில் ஐந்து விரல், சாம்பல் நிறத்தில்.
திரும்ப முதலிலிருந்து.