ஆறு பந்துக்காரன்

ஒன்பது ஓவர் வரைக்கும் நான் யாருமில்லை.
வறண்ட பாலாற்று மணலில்
வேலிக்காத்தான் முள்ளுக்கு இந்தப் பக்கம்
பந்து வராத மூலையில் நிற்பேன்.
மைக்காரனுக்கு என் பெயர் தெரியாது.
எட்டோ ஒன்பதோ ரன் மிச்சமிருக்கையில்
யாராவது கை தட்டுவார்கள்:
"ஏய் விஷாரம், வாடா."

சிப்கத்துல்லா என்பது
ரேஷன் கார்டில் இருப்பது.
ஊர் பெயரே போதும் பந்து வாங்க.
எதிர் அணிக்காரன் அதையும் சுருக்கி
"விஷம் வருது" என்பான்.
அப்படித்தான் சம்பளம் ஏறியது.

முதல் தடவை,
மெயின் பவுலர் கல் தடுக்கிக் கணுக்கால் பிசகினான்.
பதினேழு வயது எனக்கு, நான்கு ரன் கொடுக்கக் கூடாது.
மூன்று கொடுத்தேன்.
ஆம்பூரில் அரை பிளேட் பிரியாணி, பஸ் காசு.
அப்புறம் இருநூறு.
அப்புறம் குடியாத்தத்துக்கு ஐந்நூறு, பைக்கில் கூட்டிப் போய்
பைக்கிலேயே கொண்டு வந்து விட்டார்கள்.
ஒரு பொங்கலுக்கு ஆரணியில் இரண்டாயிரமும் ஒரு கிடாவும்.
கிடாவை எப்படிக் கொண்டு வருவது என்று
யாரும் யோசிக்கவில்லை.
பஸ்ஸில் என் மடியில் தலை வைத்துத் தூங்கியது.

ஜெயித்தால்
கோப்பைப் படத்தின் ஓரத்தில் என் காது.
தோற்றால் முழு முகமும்.

சென்னைக்கும் போனேன், நான்கு மாதம்.
ஐந்தாம் டிவிஷன், நிஜமான தோல் பந்து.
எங்கள் ஊரில் தோல் என்றால் நாற்றம்;
அங்கே அது சிவப்பாய், பளபளவென்று,
புதிதாய்க் கையில் வந்தது.
"ஓப்பன் பண்ணு" என்றார் கோச்.
யாரும் களைக்காத, யாரும் பயப்படாத
காலை ஒன்பதரை மணியில்
எதைப் போடுவது?
முதல் ஓவர் பத்தொன்பது.
இரண்டாவது ஓவர் வேறு ஒருத்தன் போட்டான்.

ஆற்காடு ஃபைனல்.
இதைச் சொல்லாமல் விடப் பார்த்தேன்.
ராத்திரி மேட்ச், பனி, ஒரு பந்து, மூன்று ரன்.
யார்க்கர் என்றுதான் விட்டேன்.
விரலை விட்ட கணத்தில் தெரிந்தது, வழுக்கி
இடுப்புக்கு வருகிறது.
விளக்குக் கம்பத்துக்கு மேலே போனது,
இருட்டுக்குள் நாய் ஒன்று குரைத்தது,
பந்து கிடைக்கவே இல்லை.
டீம் வைத்திருந்த ஃபைனான்ஸ்காரர் லோகநாதன்
திட்டவில்லை.
முத்துக்கடையில் இறக்கிவிட்டு
"பெட்ரோல் என்ன விலை விக்குது பாத்தியா" என்றார்.
அவ்வளவுதான்.

தோள்பட்டையைக் காட்டப் போனேன்.
"ஒரு நாளைக்கு எத்தனை ஓவர் போடுவீங்க?"
ஒன்று, என்றேன்.
"ஒண்ணுக்கா இப்படித் தேஞ்சிருக்கு?"
டாக்டரம்மா சிரித்தே விட்டார்.
அந்த மூலையில் நின்று
ஒன்பது ஓவரையும் நானே போட்டு முடித்துத்தான்
பத்தாவதுக்கு நடந்து வருவேன் என்று
அவருக்கு எப்படிச் சொல்ல?
எக்ஸ்ரேயில் அது வெளிச்சமாய்த்தான் தெரிந்தது.

இப்போது அதே ஆஸ்பத்திரியில் செக்யூரிட்டி.
எனக்கென்று கேட் கிடையாது.
மூன்றாம் கேட் ஆள் வராவிட்டால் மூன்று,
ஸ்கேன் பக்கம் ஒருத்தர் சாப்பிடப் போனால் ஸ்கேன்.
வருகைப் பதிவேட்டில்
பெயருக்கு நேரே ரிலீவர் என்று போட்டிருக்கும்.
சூப்பர்வைசர் முதல் நாள் விளக்க வந்தார்.
தெரியும் சார், என்றேன்.

விடியற்காலை நாலரை.
ராம்ப்பில் யாரோ பையைத் தவறவிட்டு
சாத்துக்குடி உருண்டு வந்தது.
காலால் நிறுத்தி எடுத்தேன்.
இரண்டு விரல் தானாகவே
மேலே போய் உட்கார்ந்தது.
"அண்ணே, அது எங்களுது" என்றாள்
மேலே நின்ற பெண்.
உருட்டாமல், நடந்து போய்க் கொடுத்தேன்.

நேற்று போன் வந்தது.
வாணியம்பாடியில் இருந்து, குரல் தெரியாத பையன்.
"ஞாயித்துக்கெழமை செமி, அண்ணே. ஒரே ஓவர்தான்."
தோள் இருக்கிற நிலையைச் சொல்லியிருக்கலாம்.
டியூட்டி என்றாவது சொல்லியிருக்கலாம்.
"எத்தனை ரன் மிச்சம்?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.