நாற்பதாம் படி

வால்பரைசோ மலையேறும் விஞ்சில்
டிக்கெட் கொடுப்பவள் நான்.
ரொட்டிக்கடை எயுலோஹியோ
ஒரு மாதமாய் வரவில்லை.
போய்ச் சேர்ந்துவிட்டாரென்று
மெழுகுவத்திகூட ஏற்றியாயிற்று.

மனிதர் பக்கத்துப் படிக்கட்டில்,
நாற்பதாம் படியில்,
குரைக்கிற நாய்க்கு எதிரே
மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

குளிர்காலத்தில் பத்துக் கிலோ போயிற்று.
செப்டம்பர் திருவிழாவில் நான்கு திரும்பியது,
கடன்காரனைப் போல, கதவு தட்டாமல்.
அவர் பட்டினி கிடக்கவில்லை.
தான் சுட்ட ரொட்டியில் பாதி,
பூசணி போட்ட பயறு ஒரு கிண்ணம்,
மறுநாளும் படி.

இது மூன்றாம் குளிர்காலம்.
எடை கேட்டால் தோளைக் குலுக்குகிறார்.
நாய் இப்போது குரைப்பதில்லை;
எழுந்திருக்கவே சோம்பல் அதற்கு.
மீதிப் பாதி ரொட்டி எங்கே போகிறதென்று
அதன் வயிற்றைப் பார்த்தால் தெரியும்.