ஞாயிற்றுக்கிழமைக் கைகள்

சேரன்மகாதேவி அரசு ஆஸ்பத்திரியில்
எனக்கு ஞாயிறு டியூட்டி விழுந்தால்
பத்து மணிக்குள் ஒரு கையாவது வந்துவிடும்,
பல்லால் கடித்து அறுத்த தங்கூசி தொங்க.
டிடி ஊசி போடுவதற்குள்
மீன் எவ்வளவு நீளம் என்று
மற்ற கை காட்டிவிடும்.

எது ரொம்பச் சண்டை போடும்?
நான் யாரிடமும் கேட்டதில்லை.
வலி தெரியாமலிருக்க அவர்களாகவே சொல்வார்கள்.

"விரால்தான் சிஸ்டர்.
தவளைய முழுங்குன வேகத்துல
சம்பங்கோரைக்குள்ள பாஞ்சிரும்.
தலைய ஒரு ஒதறு ஒதறும் பாருங்க,
தோள்பட்டை கழண்டுரும்."
சொல்கிற கொம்பையா மின்வாரிய லைன்மேன்.
கம்பத்தில் நடுங்காத கை
என் மேஜையில் நடுங்கும்.

அசன் மைதீன் கட்லா கட்சி.
"அத சண்டைன்னு சொல்ல முடியாதும்மா.
எரும மாடு மாதிரி அடியில போயி உக்காந்துக்கிடும்.
நாமளும் உக்காரணும்.
ஒருநாள் லுஹர் தொழுகையே போயிருச்சு."

கெளுத்தி குத்தியவன் எந்தக் கட்சியும் இல்லை.
வெந்நீரில் கையை முக்கிக்கொண்டு
கூரையைப் பார்த்தபடி இருப்பான்.

விலாங்கு சண்டையே போடாதாம்.
தங்கூசியை முடிச்சு முடிச்சாகப் போட்டு
மேலே வழவழவென்று பூசி
கையில் கொடுத்துவிடுமாம்,
இந்தா, அவிழ்த்துக்கொள் என்று.

பாபநாசம் படித்துறையில்
பொரிக்கு வாயைத் திறந்து நிற்கிறதே,
அதைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று
கட்டுப் போடும் பெஞ்சில் ஒரு தகராறு.
"அதுக பலம் அதுகளுக்கே தெரியாதுல்லா"
என்று முடித்துவைத்தார் பலவேசம்.

ஜிலேபியை யாரும் ஒரு மீனாகவே பேசுவதில்லை.
பதிவேட்டைப் புரட்டினால்
பாதிக் காயம் ஜிலேபியின் முதுகுமுள்.

தூண்டில் முள்ளை
வந்த வழியே இழுக்கக் கூடாது.
மரத்துப்போக ஊசி போட்டு
இன்னும் உள்ளே தள்ளி
வேறொரு இடத்தில் வெளியே கொண்டுவந்து
எதிர்முள்ளை நறுக்கிய பிறகுதான்
பின்னால் உருவ வேண்டும்.
எத்தனை முறை சொன்னாலும்
தள்ளப்போகிற நேரம் கையை இழுப்பார்கள்.
கொம்பையாவை மூன்று பேர் பிடித்தோம்.
ஸ்டாண்டு சாய்ந்தது. அயோடின் என் செருப்பில்.

ஐப்பசி வெள்ளம் வடிந்த வாரம்
சொரிமுத்து வந்தான்.
"என்ன மீன்?"
"வாளை."
"எங்க காயம்?"
இரண்டு உள்ளங்கையையும் விரித்தான்.
புரட்டிக் காட்டினான்.
ஒரு கீறல் இல்லை.
பாலத்துக்குக் கீழே
கம்பு, சுருள், தக்கை, எல்லாம் போயிருந்தது.
"ரெண்டு நிமிசம் இருக்காது.
எங்கிட்டதான் இருந்துச்சு சிஸ்டர்."
ரத்த அழுத்தம் பார்த்தேன். நூற்று அறுபது.
காயத்தின் காரணம் என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டேன்.
வெகுநேரம் பெஞ்சிலேயே இருந்தான்.

மறுநாள் டியூட்டி முடிந்து
பஸ்ஸுக்குப் போகாமல் ஆற்றுக்குப் போனேன்.
பலவேசத்தின் நூல் விறைத்து நின்றது.
"தொட்டுப் பாக்கியளா?"
ஒரு விரல் வைத்தேன்.

சண்டை மாதிரி இல்லை.
அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள்
பஸ் கூட்டத்தில் முண்டுவாளே,
அப்படி
அது எங்கோ போய்க்கொண்டிருந்தது.
யாரோடும் அதற்குப் பேச்சில்லை.

ரோகு. ஒன்றரைக் கிலோ.
விட்டுவிடச் சொல்லவேண்டும் என்றெல்லாம்
எனக்குத் தோன்றவில்லை.
வால் பக்கம் எனக்கு.
புளியைக் கரைத்து, மல்லியை அரைத்து வைத்தேன்.
இரண்டாவது கவளத்தில் தொண்டையில் முள்.

இருமினேன். வரவில்லை.
விரலை விட்டுப் பார்த்தேன்.
பிறகு என் பாடம் எனக்கே நினைவு வந்து
வெறுஞ்சோற்றை உருட்டி உள்ளே தள்ளினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
கண்ணில் நீர் வந்தது.
நாலாவது உருண்டையில் போயிற்று.