எட்டாவது திருகு

அறுபது டாலருக்கு வாங்கினேன்
ஒற்றைக் குழல் துப்பாக்கி.
கட்டையில் விரிசல். குழலெங்கும் துரு.
பக்கத் தகட்டில் ஒரு திருகு இல்லை.
அந்த ஓட்டை வழியே பார்த்தால்
விற்றவன் கொட்டகையின் குண்டு பல்பு தெரிந்தது.
"இதற்குத் திருகு எங்கேயும் கிடைக்காது" என்றான் ரெய்னோ சாவோலா,
பணத்தை எண்ணி முடித்த பிறகு.

செய்த கம்பெனி நான் பிறக்குமுன் மூடியாயிற்று.
எந்த அட்டவணைக்கும் அடங்காத மரை.
சரி, செய்துவிடலாம் என்றேன்
யாரும் கேட்காமலே.

மிச்சிகனின் வட கோடி, ஜனவரி மாதம்,
கராஜில் எண்ணெய் தேன் மாதிரி இறங்கும்.
லேத், பள்ளிக்கூட ஏலத்தில் எடுத்தது. கால்கள் இல்லை.
யாரோ வீசிய சமையலறை அலமாரிமேல் நிற்கிறது,
இழுப்பறையில் இன்னும் "கரண்டிகள்" என்று ஒட்டியிருக்கும்.
மோட்டார், லோர்னாவின் பழைய சலவை இயந்திரத்தினுடையது.
ஸ்விட்சைப் போட்டால்
துவைக்கப் போவதாக நினைத்து ஒருமுறை குலுங்கும்,
பிறகு நினைவு வந்து சுற்றும்.
செத்துப்போன பல் டாக்டர் வீட்டில்
நாலு டாலருக்கு நாற்பது அரம்.
முப்பத்தொன்று வழுக்கை.

ஃபிரிட்ஜில் லோர்னா ஒரு தாள் ஒட்டினாள்.
துப்பாக்கி, எண்ணெய், வெட்டுளி, மறுபடி வெட்டுளி,
கையில் தையல் போட்ட செலவு.
மொத்தம் முந்நூற்றுப் பதினெட்டு.
ஒரு வார்த்தை எழுதவில்லை,
அடிக்கோடு மட்டும் இரண்டு.
சுமைகூலி முக்கால் பணத்தோடு தப்பித்த
சுண்டைக்காய்க்காரன் பாக்கியவான்.

பழைய பிரிண்டரின் உருளைக் கம்பிதான் இரும்பு.
முதல் திருகு, தலை போயிற்று.
இரண்டாவதைக் கீழே போட்டேன், தரை தின்றுவிட்டது.
மூன்றாவது அப்பழுக்கில்லை,
ஆனால் மரை இடம்புரி.
மூன்று மணி நேரம் எதிர்த்திசையில் உழைத்திருக்கிறேன்.
தனியாகச் சிரித்தேன், வாயிலிருந்து புகையாக வந்தது.
நான்கு, ஐந்து பற்றிப் பேச மாட்டேன்.
ஆறாவது பாதி போய் நின்றது,
முன்னும் இல்லை, பின்னும் இல்லை.
வெளியே எடுக்க ஒரு வாரம்.
ஏழாவது கரண்டி இழுப்பறைக்குள்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி, இரண்டு மணி,
விரல்கள் என்னுடையவை அல்ல.
எட்டாவதை வைத்து ஒரு திருப்புத் திருப்பினேன்,
போயிற்று.
தன் வீட்டுக்குப் போகிறவன் போல
சத்தமில்லாமல், அவசரமில்லாமல்
போய்க்கொண்டே இருந்தது.

லோர்னாவை எழுப்பினேன்.
டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். "இதுவா?"
கொஞ்ச நேரம் கழித்து, "அழகாத்தான் இருக்கு."
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒரு தோட்டா போடுமுன்
வெர்னா கெஸ்கி கடைக்குக் கொண்டுபோனேன்.
நாற்பது வருஷமாக ரிப்பேர் பார்ப்பவள்.
குழலுக்குள் விளக்கைவிட்டு
டாக்டர்கள் பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்தாள்.
"உள்ளே எல்லாம் அம்மைத் தழும்பு. இது இனி சுடாது.
சுட்டால் உன் கை போகும். சுவரில் மாட்டு."

வெளியே பனி வாரும் வண்டி போயிற்று.
அது போகும்வரை
பேசாமல் இருக்க ஒரு சாக்கு கிடைத்தது.

அவள் துப்பாக்கியைத் திருப்பினாள்.
கண்ணில் லென்ஸைச் செருகினாள்.
"இந்தத் திருகு எங்கே வாங்கினாய்?"
சொன்னேன்.
உள்ளே போய் மூன்று துப்பாக்கிகளோடு வந்தாள்.
அதே கம்பெனி. நல்ல குழல்கள்.
ஒரே இடத்தில் அதே ஓட்டை.
"மூன்று வேண்டும். ஒன்று சேர்த்தே செய்.
திருகுக்கு ஆறு டாலர்."

முந்நூற்றுப் பதினெட்டில் இருபத்துநாலு போனால் என்று
வண்டி ஓட்டியபடியே கழித்துப் பார்த்தேன்.
ரயில்வே கேட்டில் நிற்கும்போதுதான் உறைத்தது,
அந்த ராத்திரி
பல்சக்கரத்தை எந்த வரிசையில் மாட்டினேன்
என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.
பென்சில் பிடிக்க விரல் வளையவில்லை.
இரும்புத் தாது ஏற்றிய பெட்டிகள்
ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.
எண்ணத் தொடங்கினேன்.
எட்டோடு நிறுத்திக்கொண்டேன்.