ஐந்நூற்று ஐம்பது

கணக்குப் பிரிவு திர்வெங்கடம்
மூன்றாம் தடவையாக வந்து நிற்கிறார்.
பருப்பு வியாபாரி அனுப்பிவிட்டானாம்,
இவருக்கு வரவில்லையாம்.
"எங்கேதான் போச்சு?"
"மோ பா கோனே" என்றேன்.
தெரியாது என்பதைத் தமிழில் சொல்ல
வாய் கூசியது.

யாரைத் திருப்பி அனுப்பினாலும்
எங்கள் மெயில் சர்வர் மூச்சு விடாது.
டிஸ்க்கில் இடம் மிச்சமாகட்டும் என்று
எனக்கு முன்னிருந்தவர் அப்படிப் பழக்கியிருந்தார்.

போர்ட் லூயி துறைமுகம் தெரியும் நாலாம் மாடி.
கிழக்கே எங்கோ ஒரு புயல் என்றது வானொலி.
கோப்பைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன்:
யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, ஏன்.
சேவையை நிறுத்தித் திரும்பத் தொடங்கினேன்.

பத்து நிமிடத்தில் பொரியத் தொடங்கியது.
லாட்டரிப் பரிசு. குதிரைபல மாத்திரை.
கப்பல் விற்கும் ஓர் இளவரசன்.
போகட்டும், இவர்களுக்கு அழுவாரில்லை.
பருப்பு வியாபாரியும் அகப்பட்டான்:
திர்வெங்கடத்தில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தான்.
அப்படி ஓர் ஆளே இங்கில்லை, ஐந்நூற்று ஐம்பது.
சொன்னதும் சிரித்தார்:
"என் பிறப்புச் சான்றிதழிலும் அதே தப்புதான்."

மூன்றாம் நாள்தான் கவனித்தேன்.
காலை ஆறு பத்து.
ரொட்ரிக்ஸ் தீவிலிருந்து பெரின் என்று ஒருவர்,
சம்பளப் பிரிவுக்கு.
நேற்றும் ஆறு பத்து. முந்தாநாளும்.
அதற்கு முன் எத்தனை என்று
பதிவேட்டைக் கேட்க முடியாது,
அது பிறந்தே மூன்று நாள்.

காரணம்: வந்த எண்ணுக்குப் பெயர் இல்லை.

அந்த விதி என்னுடையது.
ஜனவரியில் குப்பை மடைதிறந்தபோது எழுதியது.
நானூறு என்றால் பிறகு வா,
ஐந்நூறு என்றால் வராதே.
முதலில் நானூறுதான் போட்டேன்.
பிறகு வா என்றால் பிறகு வருகிறார்களே என்று
ஒரு மதியம், தால் பூரி தின்ற எண்ணெய்க் கையோடு
நாலை அழித்து ஐந்து வைத்தேன்.

இந்தத் துறையில் இறக்கப்பட்டவர்களுக்கு
முதலில் எண், அப்புறம்தான் பெயர்.
எண்ணோடு வருகிறவரிடம்
பெயர் கேட்கிறேன் நான்.

பெரின் என்ன எழுதினார் என்பது பதிவேட்டில் இல்லை.
கடிதம் உள்ளே வருமுன் கதவு சாத்தியாயிற்று,
தட்டிய நேரம் மட்டும் மிச்சம்.
ஆணா பெண்ணா, அதுகூடத் தெரியவில்லை.
அவருக்கும் ஒரு சீட்டுப் போயிருக்கும்,
வராதே என்று, ஆங்கிலத்தில்.
படித்துவிட்டும் அனுப்புகிறார்.

சனி இரவு விதியைத் திருத்தினேன்.
அந்தத் தீவின் சின்ன சர்வருக்கு மட்டும்
வழி விடச் சொன்னேன்.

ஞாயிறு. ரோஸ் ஹில், என் சமையலறை.
ஆறு ஒன்பது.
ஆறு பத்து.
மாத்திரைக்காரன் ஒருவன் வந்து திரும்பினான்.
ஆறு பதினேழு.

ஞாயிறு என்பதாலோ.
புயல் அந்தத் தீவைத் தொட்டுவிட்டதாலோ.
போதும் என்று விட்டாரோ.

தேநீர் பொங்கி வழிந்தது.
திரையைத் திறந்தபடியே வைத்துவிட்டு
அடுப்பைத் துடைக்கப் போனேன்.