பிறபொருளெதிரி

அக்காவுக்கு வந்தது தம்பிக்கும் வருமா என்று
கொழும்புக்குப் போன ரத்தம்
ஏழு கிழமை கழித்துக்
கடுதாசியாகத் திரும்பியிருக்கிறது.

பிறபொருளெதிரி. இரண்டு வகை. இரண்டும் உண்டு.
ஓ.எல். சோதனைக்கு மனனம் செய்த சொல்தான்;
பிறபொருளை எதிர்ப்பது என்று எழுதி
இரண்டு புள்ளி வாங்கியிருக்கிறேன்.
கவிஷனின் சதையி எந்த நாளில்
கவிஷனுக்கே பிறபொருளானது?
அதை யாரும் கேட்கவில்லை அப்போது.

டொக்டர் நல்ல மனிசி. கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தா.
"அஞ்சு வருசத்துக்குள்ள, நூறு பிள்ளையில
நாப்பது பேருக்கு மேல."
மிச்சப் பேருக்கு?
"பிந்தி வரலாம். பாத்துக்கொண்டிருப்பம்."

நூறு பிள்ளையை நான் எங்கே காண்பது?
கல்லடிப் பாலத்தடியில், பள்ளி விட்ட நேரம்,
வெள்ளைச் சட்டைகளை எண்ணத் தொடங்கினேன்.
இருபத்தாறில் ஒரு பஸ் வந்து மறைத்துவிட்டது.

இரவு கக்கூஸ் கதவு முனகினால்
எழும்பி மணி பார்க்கிறேன்.
பால்மா டின்னுக்குப் பின்னால் ஒரு கொப்பி.
அதை நிதுர்ஷா கண்டுபிடித்துவிட்டாள்.
வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து
ஊசி ஏற்றிக்கொண்டே சொல்கிறாள்:
"நான் மயங்கி விழுந்து
ஐசியூவில மூணு நாள் கிடந்த பிறகுதானே தெரிஞ்ச.
இவன் குடுத்து வெச்சவன். மறுகா என்ன?"

மறுகா என்ன.

பங்குனி வெயில். கடற்கரையில் பந்தடித்து வந்தவன்
ஒரு போத்தல் தண்ணீரை அண்ணாந்து முடித்து
இன்னும் கேட்கிறான்.
வெயிலுக்குத்தான்.
ஊற்றிக் கொடுத்துவிட்டு
பேனையைத் தேடுகிறேன்.