ஏழு எண்ணும்வரை

முதல் நாள் பயிற்சியில் நெரிஸ்
வெல்ஷ் மட்டுமே பேசினார்.
ஒரு கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.
பதினெட்டு வருஷம் லீட்ஸில் பஸ் ஓட்டியவன்
அந்தக் கரண்டியின் பெயர் நாக்கில் ஏறாமல்
வியர்த்துப்போனேன்.

வியாழக்கிழமை என் முறை.
கேள்வி கேட்டால் மனசுக்குள் ஏழு எண்ணு என்றிருந்தார்கள்.
மூன்றிலேயே பயந்து
பதிலையும் நானே சொன்னேன்.
கடைசி வரிசையிலிருந்து வந்த தாள்:
நீங்கள் பேசியது முப்பத்தொரு நிமிடம்.
அவர்கள் பேசியது நான்கு.

விளக்கணைக்கையில் திரும்பி வந்தார்
வெல்டர் கெப்ரெஹிவெட்.
கதவைப் பிடித்தபடி எதையோ தேடினார்.
ஏழு தாண்டியது.
கையில் டஸ்டரோடு நான்
பதினொன்று, பன்னிரண்டு.

"நான் ஓடி," என்றார். "காலை. மழை.
பஸ் போகல.
நீங்க."